பேய் ஷோ, சர்க்கரைப் பணம், சாராய வரி... பிரிட்டனின் முதல் பாலிடெக்னிக் உருவான கதை!

2025 செப்டம்பர் 30. லிவர்பூலில் நடந்த தொழிற்கட்சி மாநாட்டில் பிரிட்டன் பிரதமர் கீர் ஸ்டார்மர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். இளைஞர்களில் பாதிப்பேர் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று 1999-ல் டோனி பிளேர் வைத்த இலக்கு இனி கிடையாது. அதற்குப் பதிலாக, 25 வயதுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் பல்கலைக்கழகப் படிப்போ, உயர்நிலைத் தொழில்நுட்பப் படிப்போ, தரமான அப்ரன்டிஸ்ஷிப்போ சேர்ந்திருக்க வேண்டும் என்பது புது இலக்கு.

பழைய இலக்கு தோற்றுப்போனதால் கைவிடப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. 2017-18 கல்வியாண்டிலேயே 50.2 சதவிகிதத்தைத் தொட்டுவிட்டார்கள். பட்டதாரிகள் வந்துவிட்டார்கள். பிளம்பர், எலெக்ட்ரிஷியன், லேப் டெக்னீஷியன், கட்டுமான மேற்பார்வையாளர் ஆகியோருக்குத்தான் பஞ்சம்.

இந்த அறிவிப்பு வந்ததும் அங்கே பழைய கேள்வி ஒன்று மறுபடி கிளம்பியது: "அப்படின்னா, 1992-ல எல்லா பாலிடெக்னிக்கையும் பல்கலைக்கழகமா மாத்தினது தப்பா?"

இதற்குப் பதில் தேட வேண்டுமென்றால், லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட்டில் 309-ம் எண் கட்டடத்துக்குப் போக வேண்டும். இன்று அது வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம். பிரிட்டனில் 'பாலிடெக்னிக்' என்ற பெயர்ப்பலகை முதலில் மாட்டப்பட்ட இடம் அதுதான். அதன் கதையில் பேய் வருகிறது, சினிமா வருகிறது, சாராய வரி வருகிறது. மதராஸில் கப்பல் ஏறிய கரும்புத் தோட்டத் தொழிலாளர்களும் வருகிறார்கள்.

முதலில் அது கல்லூரியே இல்லை!

'பாலிடெக்னிக்' என்றால் நம்ம ஊரில் பத்தாவது முடித்தவுடன் மூன்று வருட டிப்ளமோ, பிறகு லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு. இந்தப் படம்தான் மனதில் ஓடும். ஆனால் கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு 'பல கலைகள்' என்று மட்டுமே பொருள். அதைப் பிரபலமாக்கியது பிரான்ஸ். 1794-ல் பாரிஸில் தொடங்கிய பொறியியல் பள்ளிக்கு அடுத்த ஆண்டு 'எகோல் பாலிடெக்னிக்' என்று பெயர் வைத்தார்கள். (அதே 1794-ல்தான் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அது.)

லண்டன்காரர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு வேறொரு வேலை செய்தார்கள். 1838 ஆகஸ்டில் ரீஜென்ட் ஸ்ட்ரீட்டில் திறக்கப்பட்ட பாலிடெக்னிக் இன்ஸ்டிட்யூஷன் உண்மையில் ஓர் அறிவியல் பொருட்காட்சி. பறக்கும் இயந்திரங்களின் அடிப்படைக் கோட்பாட்டை விமானம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே யோசித்த ஜார்ஜ் கேலி அதன் முதல் தலைவர். உள்ளே இயந்திரங்கள் ஓடும், வேதியியல் பரிசோதனை நடக்கும். தண்ணீர்த் தொட்டிக்குள் மனிதர்களை உட்காரவைத்து இறக்கும் பெரிய இரும்பு மணிதான் ஸ்டார் அட்ராக்‌ஷன். விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட்டும் அதில் ஏறி இறங்கியிருக்கிறார். 'ராயல்' பட்டம் பின்னாலேயே வந்துவிட்டது.

1841-ல் இதே கட்டடத்தின் மொட்டைமாடியில்தான் ரிச்சர்ட் பியர்ட் என்பவர் ஐரோப்பாவின் முதல் போட்டோ ஸ்டுடியோவைத் திறந்தார். அன்றைய கேமராவுக்கு வெயில் நிறையத் தேவை. அதனால்தான் மொட்டைமாடி.

1862 கிறிஸ்துமஸுக்கு வந்தது பேய். இங்கே விரிவுரையாளராக இருந்த ஜான் ஹென்றி பெப்பர், ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளரின் யோசனையைச் சீர்செய்து ஒரு வித்தை காட்டினார். மேடையில் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடித் தகடு. பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில் ஒரு நடிகர். அவர்மேல் வெளிச்சம் அடித்தால் மேடையில் ஊடுருவித் தெரியும் உருவம் நடமாடும். 'பெப்பரின் பேய்' என்று ஊரே பேசியது. 2014 தேர்தலில் மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் 'ஹோலோகிராம்' ஆகத் தோன்றினாரே, அதன் அடிப்படையும் இதே கண்ணாடி வித்தைதான். பெயர் புதுசு, சரக்கு பழசு.

வித்தை எத்தனை நாள் ஓடும்? நடுவில் 1859-ல் மாடிப்படி இடிந்து விழுந்து உயிரிழப்பு நேர்ந்தது. நிறுவனம் ஒருமுறை கலைக்கப்பட்டு மறுபடி தொடங்கியது. அறிவியலைப் படிப்பிப்பதா, காட்சியாக்கிக் காசு பார்ப்பதா என்ற இழுபறி கடைசிவரை தீரவில்லை. 1881-ல் கதவைச் சாத்தினார்கள். கட்டடம் ஏலச் சந்தைக்கு வந்தது.

வாங்கியவர் யார்?

குவின்டின் ஹாக். வயது 36. சர்க்கரை வியாபாரி. கொடுத்த விலை 15,000 பவுண்டு.

பணக்கார வீட்டுப் பிள்ளை. ஈட்டன் பள்ளியில் படித்தவர், கால்பந்து வெறியர். அப்பா சர் ஜேம்ஸ் வெயர் ஹாக் கல்கத்தாவில் வக்கீலாக இருந்து சம்பாதித்தவர். பின்னர் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராகவே இரண்டு முறை இருந்தவர். கம்பெனி என்றால் நம்மை ஆண்ட அதே கம்பெனிதான்.

ஈட்டன் முடித்து வேலைக்குப் போன ஹாக்கை லண்டன் தெருப்பிள்ளைகளின் நிலை உலுக்கியது. 1863-64 வாக்கில் ஒருநாள் இரவு, தேம்ஸ் கரையோரம் அடெல்ஃபி வளைவுகளுக்குக் கீழே இரண்டு சிறுவர்களை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுக்க முயன்றார். பீர் பாட்டிலின் வாயில் செருகிய மெழுகுவத்தி, இரண்டு பைபிள். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். தூரத்தில் ஒரு லாந்தர் வெளிச்சம் தெரிந்ததும் ஒரு பையன் ஏதோ கத்தினான், இரண்டுபேரும் ஓடிவிட்டார்கள். ஒன்றும் புரியாமல் நின்றார் ஹாக். வந்தது போலீஸ். சொற்களைத் தலைகீழாகத் திருப்பிப் பேசும் தெருப் பாஷையில் 'போலீஸைப் பாரு' என்றுதான் அந்தப் பையன் கத்தியிருக்கிறான்.

அந்தப் பாஷையே தெரியாமல் பாடம் நடத்த முடியாது என்று ஹாக்குக்குப் புரிந்தது. ஷூ பாலிஷ் போடும் பையன் மாதிரி உடையும் பெட்டியும் வாங்கி, இரவுகளில் தெருவில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளோடு பழகினார். 1864-ல் சேரிங் கிராஸ் பக்கம் ஒரு சந்தில் வாடகை அறை எடுத்து ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். இதில் ஹாக்கைப் பற்றிய பக்திக் கதைகளும் கலந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் பாடத்திட்டத்தை எழுதுவதற்கு முன்பு மாணவனின் பேச்சைக் கற்றுக்கொள்ளப் போன கல்வியாளர்கள் எந்த ஊரிலும் குறைவு.

பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு மாலை வகுப்பு தேவைப்பட்டது. இடம் போதாமல் மாறி மாறி, லாங் ஏக்கர் பகுதிக்கு வந்தும் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. அந்தச் சமயத்தில்தான் ரீஜென்ட் ஸ்ட்ரீட் கட்டடம் விலைக்கு வந்தது. 1882 செப்டம்பர் 25-ல் கதவு திறந்தது. அதிகாரபூர்வப் பெயர் வேறு. ஆனால் கட்டடத்தின் பழைய பெயரே ஊர் வாயில் நிலைத்துவிட்டது. பொருட்காட்சிக்கு வைத்த பெயர் இப்படித்தான் தொழிற்கல்விக்கு ஒட்டிக்கொண்டது.

உள்ளே என்ன நடந்தது?

பகலில் பட்டறையிலும் கடையிலும் வேலை; மாலையில் இங்கே வகுப்பு. செங்கல் கட்டுமானம், பிளம்பிங், தச்சு, குதிரை வண்டி செய்தல், துணி வெட்டுதல், போட்டோகிராபி என்று பட்டியல் நீளம். தொழில் வகுப்புகளின் நோக்கம் புது ஆளைத் தயார்செய்வது இல்லை. ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவரை மேலே தூக்கிவிடுவது. இந்த ஒரு வரிதான் நம்ம ஊர் பாலிடெக்னிக்குக்கும் அதற்கும் உள்ள பெரிய வித்தியாசம். அங்கே வேலை முதலில், படிப்பு பிறகு.

வகுப்பறைக்கு வெளியேயும் ஏகப்பட்டது இருந்தது. உடற்பயிற்சிக் கூடம், 1884-ல் நீச்சல்குளம், இசைக்குழு, சேமிப்பு வங்கி, சொந்தப் பத்திரிகை. 1888-ல் பக்கத்துத் தெருவான லாங்ஹாம் பிளேஸில் பெண்களுக்குத் தனிப் பிரிவு. உறுப்பினர்களுக்காகத் தொடங்கிய சுற்றுலா ஏற்பாடு தனி கம்பெனியாகி, பல கைமாறி, 'லன் பாலி' என்ற பெயரில் பிரிட்டனின் பெரிய டிராவல் ஏஜென்சிகளில் ஒன்றாக வளர்ந்தது. அந்த 'பாலி', இந்த பாலிடெக்னிக்தான். 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானை நடத்தும் பொறுப்பும் பாலிடெக்னிக்கின் ஓட்டப்பந்தயக் கிளப்பிடம் போனது. இன்று உலகம் முழுக்க ஓடும் 42.195 கிலோமீட்டர் என்ற தூரம் அந்தப் பந்தயத்திலிருந்து வந்தது.

1896 பிப்ரவரி 21-ல் லூமியர் சகோதரர்களின் சலனப்படம் பிரிட்டனில் முதன்முதலாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டப்பட்டதும் இங்கேதான். மும்பை வாட்சன் ஹோட்டலில் அதே படங்கள் ஓடியது அதே ஆண்டு ஜூலையில். பெனிசிலின் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், மருத்துவம் படிக்கப் போவதற்கு முன்பு இங்கே படித்துவிட்டு ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். 1960-களில் கட்டடக்கலை வகுப்பில் உட்கார்ந்திருந்த மூன்று மாணவர்கள் (ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட்) பிறகு பிங்க் ஃபிளாய்ட் ஆனார்கள். பெருமைப் பட்டியல் போதும். பணத்துக்கு வருவோம்.

சர்க்கரைப் பணத்தின் பின்னணி

ஹாக் தன் சொந்தப் பணத்தில் சுமார் 1 லட்சம் பவுண்டை இதில் போட்டார் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. எங்கிருந்து வந்தது?

காபி ஷாப்பில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பக்கத்தில் பழுப்பு நிறப் பாக்கெட் ஒன்று இருக்கும். 'டெமராரா சுகர்' என்று அச்சடித்திருக்கும். டெமராரா என்பது தென் அமெரிக்காவின் வடகரையில், இன்றைய கயானா நாட்டில் ஓடும் ஆறு. அதன் கரையோரக் கரும்புத் தோட்டங்கள்தான் ஹாக் பங்குதாரராக இருந்த 'ஹாக், கர்ட்டிஸ், கேம்பெல்' நிறுவனத்தின் தொழில்.

ஹாக் பிறந்தது 1845. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை அதற்கு முன்பே சட்டப்படி முடிந்துவிட்டது. ஆகவே அவரை 'அடிமை முதலாளி' என்று எழுதுவது தவறு. ஆனால் அவர் நுழைந்த தொழில் யாருடையது என்று பார்த்தால் கதை மாறும். அவருடைய அக்கா கணவர் சார்லஸ் மெகாரெல். அடிமை ஒழிப்பின்போது பிரிட்டிஷ் அரசு நஷ்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு. அதில் மெகாரெலுக்கு எழுதப்பட்ட தொகை ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல். ஹாக் குடும்பம் அந்த உறவை எவ்வளவு மதித்தது என்பதற்கு ஒரு சாட்சி: குவின்டினின் அண்ணன் ஜேம்ஸ் தன் பெயரையே மெகாரெல்-ஹாக் என்று மாற்றிக்கொண்டார். பின்னாளில் பிரிட்டனின் கல்வி அமைச்சரான குவின்டினின் பேரனுக்கும் நடுப்பெயர் மெகாரெல்தான்.

அடிமைகள் விடுதலையானதும் தோட்டத்தில் யார் வேலை செய்தது? இந்தியர்கள். இங்கே ஒரு தேதி உறுத்துகிறது. கல்கத்தாவிலிருந்து 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் முதல் ஒப்பந்தக் கூலிகளுடன் டெமராராவில் கரைசேர்ந்தது 1838 மே மாதம். மூன்றே மாதத்தில் ரீஜென்ட் ஸ்ட்ரீட்டில் பாலிடெக்னிக் திறந்தது. அப்போது இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. 44 வருடம் கழித்து ஏற்பட்டது.

1838-லிருந்து 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்கள் பிரிட்டிஷ் கயானாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பகுதி கல்கத்தா வழியாகப் போன போஜ்புரி பேசும் மக்கள். மதராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்கள் சிறுபான்மை. தமிழர்களும் தெலுங்கர்களும் அதில் இருந்தார்கள். இன்றும் கயானாவில் 'மதராசி' வழி காளி வழிபாடு என்றே ஒரு மரபு இருக்கிறது. அங்கே கொண்டாட்டத்தில் அடிக்கப்படும் தப்பு, இங்கிருந்து போனது.

ஐந்து வருட ஒப்பந்தம். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே போனால் குற்றம். வேலைக்கு வராவிட்டால் சம்பளம் பிடித்தம் மட்டும் கிடையாது, சிறையும் உண்டு. அங்கே முன்பு மாஜிஸ்திரேட்டாக இருந்த வில்லியம் டெ வூ என்பவரே பொறுக்க முடியாமல் 1869-ல் லண்டனுக்கு நீண்ட புகார்க் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். அதன் பிறகும், 1872-ல் டெவன்ஷர் காசில் தோட்டத்தில் கூலிகள்மீது போலீஸ் சுட்டதில் ஐந்துபேர் செத்தார்கள். டெமராராவின் சர்க்கரைத் தொழில் மொத்தமும் ஓடியது இந்த ஏற்பாட்டில்தான். ஹாக் லண்டன் தெருப்பிள்ளைக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுத்து சொல்லிக்கொடுத்த அதே ஆண்டுகள் இவை.

லண்டனில் சிலைகளை வைப்பதா எடுப்பதா என்ற சண்டை 2020-க்குப் பிறகு அடிக்கடி நடக்கிறது. போர்ட்லேண்ட் பிளேஸில் இரண்டு பையன்களோடு உட்கார்ந்திருக்கும் ஹாக்கின் சிலையும் நிற்கிறது. அவரை வில்லன் ஆக்குவதும் சோம்பேறித்தனம், தர்மவான் என்று மட்டும் எழுதுவதும் சோம்பேறித்தனம். தன் ஊர்ப் பையனின் பாஷையைக் கற்க ஷூ பாலிஷ் பெட்டி தூக்கிய ஒரு மனிதர், தன் சர்க்கரைக்குக் கரும்பு வெட்டியவரின் உலகத்துக்குள் அப்படி நுழைந்து பார்க்கவில்லை. டெமராராவுக்குக் கப்பலில் போய்வந்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவர் காலத்துப் பெருந்தனக்காரர்களில் இதற்கு விதிவிலக்கு அதிகம் இல்லை. அவருக்குப் பிறகு பாலிடெக்னிக் தலைவராக வந்த கைனஸ்டன் ஸ்டட்டின் தந்தையும் பீகாரில் அவுரித் தோட்டம் நடத்திச் சம்பாதித்தவர்தான்.

சாராய வரி வந்து காப்பாற்றியது எப்படி?

தனி மனிதரின் பணத்தில் ஒரு நகரத்தின் தொழிற்கல்வி நடக்காது. 1880-களில் ஐரோப்பிய பீட் சர்க்கரை சந்தையில் குவிந்து விலையை உடைத்தது. ஹாக்கின் வருமானமும் அடிவாங்கியது. அப்போது இரண்டு விஷயம் நடந்தது.

ஒன்று, தேவாலயப் பணம். லண்டன் மாநகரின் மையப் பகுதியான 'சிட்டி'யில் அலுவலகங்கள் பெருகி, குடியிருப்பவர்கள் காலிசெய்துகொண்டே போனார்கள். ஆனால் அங்குள்ள சர்ச்சுகளின் பழைய அறக்கட்டளைகளுக்கு நில மதிப்பு ஏறி வருமானம் கொட்டியது. தானம் வாங்க ஏழை இல்லை; பணம் மட்டும் இருக்கிறது. 1883-ல் ஒரு சட்டம் போட்டு, அந்தப் பணத்தை லண்டன் முழுமைக்கும் செலவிட வழிசெய்தார்கள். ஹாக்கின் பாலிடெக்னிக்கைப் பார்த்தவர்கள், "இதே மாதிரி ஊர் முழுக்க வேணும்" என்றார்கள். வூலிச், பரோ, பேட்டர்சீ, செல்சீ, வடக்கு லண்டன் என்று அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் வரிசையாக பாலிடெக்னிக்குகள் முளைத்தன.

இரண்டு, சாராயம். 1890-ல் மதுவுக்குக் கூடுதல் வரி விதித்தார்கள். உரிமம் ரத்தாகும் மதுக்கடைக்காரர்களுக்கு அந்தப் பணத்தில் நஷ்டஈடு கொடுப்பது திட்டம். மதுவிலக்கு இயக்கத்தினர் கொதித்தெழுந்தார்கள். அரசு பின்வாங்கியது. ஆனால் வரி வசூல் ஏற்கெனவே கையில் இருக்கிறதே, என்ன செய்வது? உள்ளாட்சிகளிடம் கொடுத்து, தொழிற்கல்விக்குச் செலவுசெய்யலாம் என்றார்கள். 'விஸ்கி பணம்' என்றே அதற்குப் பெயர். லண்டனில் அதைக் கையாண்ட தொழில்நுட்பக் கல்வி வாரியத்துக்கு 1893-ல் தலைவரானவர் சிட்னி வெப். பிறகு லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸை நிறுவியவர்களில் ஒருவர். டாஸ்மாக் வருமானத்தில் என்னென்ன நடக்கிறது என்று விவாதிக்கும் ஊருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

ஆக, பிரிட்டனின் பொதுத் தொழிற்கல்வி பெரிய திட்டமிடலில் உருவானதல்ல. மிச்சம் விழுந்த பணத்தில் உருவானது. அதன் பின்விளைவு இன்றுவரை தொடர்கிறது என்றே சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு நிரந்தர ஏற்பாடு, பாலிடெக்னிக்குக்கு அந்தந்த நேரத்து ஏற்பாடு என்ற பழக்கம் அப்போதே விழுந்துவிட்டது.

ஹாக் 1903 ஜனவரி 17-ல் அந்தக் கட்டடத்திலேயே இறந்தார். குளியலறையில், வாயு வெந்நீர்க் கருவியின் கோளாறால் மூச்சுத்திணறி. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு 1910-12-ல் இப்போது நாம் பார்க்கும் முகப்போடு எழுந்தது.

கேம்பஸ் என்றால் மரமும் மைதானமும்தானா?

இங்கே அப்படி எதுவும் கிடையாது. கடைத்தெருவுக்கு நடுவில் ஒரு கட்டடம், அவ்வளவுதான். அது ஒரு குறையாகத் தோன்றலாம். ஆனால் மாலை ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு ஆறரை மணி வகுப்புக்கு நடந்து வரும் ஆளுக்கு அதைவிட நல்ல கேம்பஸ் இல்லை. ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கி, கல்லூரிப் பேருந்து விட்டு நடத்தும் கல்வி, வேலைக்குப் போகிறவருக்கு ஆகாது.

இடம் போதாதபோது அக்கம்பக்கத் தெருக்களில் துண்டு துண்டாக வளர்ந்தது. 1970-ல் மேரிலபோன் சாலையில், மேடம் துஸ்ஸாட்ஸ் மெழுகுச் சிலைக் காட்சியகத்துக்கு எதிரே, பெரிய புது வளாகம் வந்தது. அந்த இடத்தில் முன்பு இருந்தது மேரிலபோன் 'வொர்க்ஹவுஸ்'. கதியற்ற ஏழைகளை அடைத்து வேலைவாங்கிச் சோறுபோட்ட விடுதி. ஹாக்கின் தெருப்பிள்ளைகள் எந்த இடத்துக்குப் போகாமல் தப்பிக்க நினைத்திருப்பார்களோ, அந்த வகை இடத்தின்மேல் பாலிடெக்னிக்கின் வகுப்பறைகள் எழுந்தன.

பிறகு எதற்கு 1992?

1965 ஏப்ரலில் கல்வி அமைச்சர் ஆண்டனி கிராஸ்லண்ட், வூலிச் பாலிடெக்னிக்கில் ஒரு பேச்சு பேசினார். உயர்கல்விக்கு இரண்டு கால்கள் வேண்டும்: ஒன்று பல்கலைக்கழகம், இன்னொன்று உள்ளாட்சிகளின் கீழ் தொழில் சார்ந்து இயங்கும் பாலிடெக்னிக். இரண்டும் சமம், ஆனால் வேறு வேறு. அதன்படி 30 பாலிடெக்னிக்குகள் உருவாயின. ரீஜென்ட் ஸ்ட்ரீட் 1970-ல் 'சென்ட்ரல் லண்டன் பாலிடெக்னிக்' ஆனது.

'சமம்' என்பது பேச்சோடு நின்றது. பட்டம் வழங்கும் அதிகாரம் பாலிடெக்னிக்குக்குக் கிடையாது. தேசியக் கவுன்சில் ஒன்றுதான் தரும். நிதியும் குறைவு. ஒரே பாடத்தை நடத்தும் இரண்டு ஆசிரியர்களுக்கு இரண்டு வித மரியாதை. வேலை தரும் கம்பெனிகளும் பெயரைப் பார்த்தே எடைபோட்டன. "டிப்ளமோவா, டிகிரியா?" என்று இங்கே இன்டர்வியூவில் கேட்கப்படும் கேள்வியின் ஆங்கிலேய வடிவம் அது. அதனால் பாலிடெக்னிக்குகள் மெல்ல மெல்லப் பல்கலைக்கழகத்தைப் போலவே ஆகத் தொடங்கின. பட்டப்படிப்புகள் கூடின, மாலை நேரத் தொழில் வகுப்புகள் குறைந்தன. 1992-ல் ஜான் மேஜர் அரசு சட்டம் போட்டுப் பெயர்ப்பலகையை மாற்ற அனுமதித்தபோது, உள்ளே பெரும்பகுதி மாறியிருந்தது. சென்ட்ரல் லண்டன் பாலிடெக்னிக், வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம் ஆனது.

ஆகவே '1992-தான் எல்லாவற்றையும் கெடுத்தது' என்ற வாதம் பாதி உண்மை. பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அந்த மாற்றம் நியாயம் செய்தது. பெயரால் மட்டும் இரண்டாந்தரமாக நடத்தப்பட்டவர்கள் அதிலிருந்து விடுபட்டார்கள். கெட்டது வேறு இடத்தில்: விட்டுப்போன வேலையை யார் செய்வது என்று யாரும் பார்க்கவில்லை. 2012-ல் கல்விக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,000 பவுண்டாக, ஏறத்தாழ மூன்று மடங்காக ஏற்றப்பட்டது. முதலில் காணாமல் போனவர்கள் பகுதிநேர மாணவர்கள். 2010-க்குப் பிந்தைய சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தில் பகுதிநேர இளநிலைச் சேர்க்கை பாதிக்கும் மேல் சரிந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் முப்பது வயதுக்காரருக்கு அவ்வளவு பெரிய கடன் கட்டுப்படியாகவில்லை. ஹாக் யாருக்காகக் கட்டடம் வாங்கினாரோ, அந்த ஆள்தான் இவர்.

ஸ்டார்மர் அரசு இப்போது செய்ய முயல்வது அந்த ஆளைத் திரும்ப அழைத்துவருவதைத்தான். 2025 அக்டோபரில் வந்த வெள்ளை அறிக்கை, டிகிரிக்குக் கீழே உள்ள தொழில்நுட்பப் படிப்புகளை வளர்ப்பது பற்றி நிறையப் பேசுகிறது. முந்தைய அரசு தொடங்கி இந்த அரசு தொடரும் 'வாழ்நாள் கற்றல் உரிமை' திட்டத்தில், மூன்று வருடப் படிப்பு மொத்தத்தையும் எடுக்காமல், தேவையான பாடத்தை மட்டும் துண்டாக எடுத்துப் படிக்கலாம். நான்கு வருடப் படிப்புக்குச் சமமான தொகை, 2025-26 கட்டணப்படி 38,140 பவுண்டு, ஒவ்வொருவர் பெயரிலும் ஒதுக்கப்படும். 60 வயது வரை எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து எடுத்துப் படிக்கலாம்.

கேட்க ரீஜென்ட் ஸ்ட்ரீட் மாலை வகுப்பு மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் அது சர்க்கரைப் பணத்திலும், சர்ச் பணத்திலும், சாராய வரியிலும் நடந்தது. இது படிப்பவர் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். பகுதிநேர மாணவர்களை விரட்டியது கடன் பயம் என்றால், அதே கடனைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் அவர்கள் திரும்பி வருவார்களா என்பதில்தான் திட்டத்தின் தலையெழுத்து இருக்கிறது. 2027 ஜனவரி முதல் தொடங்கும் வகுப்புகளுக்கு இது பொருந்தும். சேர்க்கை எண்ணிக்கை வந்ததும் தெரிந்துவிடும்.